கமாட்டாவும் அம்பத்தூரும்

ஜப்பான் போய்வந்த தமிழர் யாரைக் கேட்டாலும் மூன்று செய்திகள் முதலில் வந்து விழும்: ரயில் நேரத்துக்கு வந்தது, தெருவில் குப்பை இல்லை, மறந்து வைத்துவிட்டு வந்த குடை வைத்த இடத்திலேயே இருந்தது. 1930களில் டோக்கியோவில் புகைப்படக் கலை படித்த ஏ.கே. செட்டியார் ஜப்பானைப் பற்றி எழுதினார். தி. ஜானகிராமன் 'உதயசூரியன்' என்று ஒரு பயண நூலே எழுதினார். இன்று யூடியூப் திறந்தால் வாரம் ஒருவர் நரிதாவில் இறங்குகிறார். ஜப்பானைத் தமிழில் பார்ப்பதற்கு ஒரு மரபே இருக்கிறது.

வியப்பதில் தப்பில்லை. எதை எதோடு வைத்து வியக்கிறோம் என்பதில்தான் தகராறு. டோக்கியோவின் கின்ஸா கடைவீதியில் நிற்கிறவரின் மனதில் ஓடுவது சென்னையின் மண்ணூர்பேட்டை சிக்னல். அவர்கள் ஊரின் வரவேற்பறையையும் நம் ஊரின் கொல்லைப்புறத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, 'அவங்க ரத்தத்திலேயே ஒழுங்கு இருக்கு சார்' என்று முடித்துவிடுகிறோம். பட்டறைத் தெருவைப் பட்டறைத் தெருவோடு வைத்துப் பார்த்தால் என்ன தெரியும்?

எனக்கு அந்த வாய்ப்பு ஆவடிக்கார நண்பன் ஒருவனால் கிடைத்தது. பாலிடெக்னிக் முடித்து, சென்னையின் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்தில் கை பழகி, பிறகு சி.என்.சி. நிரல் எழுதக் கற்று, கடைசியில் டோக்கியோவில் வேலைக்குச் சேர்ந்தவன். நம்மவர்கள் கூட்டமாக வாழும் நிஷி கசாய் பக்கம் போகாமல், வேலைக்குப் பக்கம் என்று கமாட்டாவில் வீடு பிடித்திருந்தான். 'இங்கே பார்க்கிறதுக்கு ஒண்ணும் இல்லடா, நம்ம எஸ்டேட் மாதிரிதான் இருக்கும்' என்று போனிலேயே எச்சரித்தான். அதற்காகவே போனேன் என்று சொல்லலாம்.

கமாட்டா, டோக்கியோவின் தெற்கு ஓரத்தில் ஓட்டா வார்டில் இருக்கிறது. ஹனேடா விமான நிலையமும் அதே வார்டுக்குள்தான். இறங்கிக் கொஞ்ச நேரத்திலேயே வந்துவிடலாம். ஏறத்தாழ 60 சதுர கிலோமீட்டர், 7 லட்சத்துக்கு மேல் மக்கள். மேற்கே மேட்டில் டெனென்சோஃபு என்ற பணக்காரத் தோட்டக் குடியிருப்பு. இன்று பத்தாயிரம் யென் நோட்டில் முகம் பதித்திருக்கும் ஷிபுசாவா எய்ச்சி தொடங்கிய கம்பெனி மனை பிரித்து விற்ற இடம் அது. கிழக்கே கடலோரச் சமவெளியில் பட்டறைகள். பாடி மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் அண்ணா நகர், இந்தப் பக்கம் அம்பத்தூர் என்கிற கணக்கு எனக்கு உடனே பிடிபட்டது.

இரண்டு ஊரும் தம் தம் நாட்டு ரயிலின் குழந்தைப் பருவத்திலேயே தண்டவாளம் பார்த்தவை. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு போன தென்னிந்தியாவின் முதல் ரயில், அம்பத்தூர், ஆவடி வழியாகத்தான் போனது. ஜப்பானின் முதல் பாதை, ஷிம்பாஷி முதல் யோகோஹாமா வரை, 1872இல் வந்தது. அது இன்றைய ஓட்டா வார்டைக் கடக்கிறது. இதில் நாம் 16 வருடம் மூத்தவர்கள். அந்தப் பாதையில் 1877இல் ஒரு பயணியின் முதல் பார்வை வரலாறு ஆனது. எட்வர்ட் மோர்ஸ் என்ற அமெரிக்க விலங்கியலாளர், வந்து இறங்கிய புதிதில், ஓமோரி அருகே ரயில் ஜன்னல் வழியாக வெட்டப்பட்ட மண்ணில் சிப்பிகள் அடுக்கடுக்காக இருப்பதைக் கண்டார். கற்கால மனிதர் தின்று போட்ட சிப்பி மேடு அது. ஜப்பானியத் தொல்லியல் அங்கே பிறந்தது என்கிறார்கள். (பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவி எடுத்தது 1863, அதிலும் நாம் மூத்தவர்கள்தான்.) மோர்ஸ் ஜன்னலோடு நிற்கவில்லை. சில மாதங்களில் ஆட்களோடு திரும்பி வந்து தோண்டினார். பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வண்டியை விட்டே இறங்குவதில்லை.

இறங்கி நடந்தால் கமாட்டாவில் முதலில் தட்டுப்படுவது குழப்பம்தான். மூன்றடுக்கு வீடு, பக்கத்தில் தகர ஷட்டர் போட்ட பட்டறை, அதை ஒட்டி மழலையர் பள்ளி, எதிரே பல் டாக்டர். ஷட்டர் பாதி திறந்திருந்தால் உள்ளே லேத் ஓடும். கட்டிங் ஆயில் வாசனை தெருவுக்கு வரும். அந்த வாசனைக்கு நாடு கிடையாது. கண்ணைக் கட்டி விட்டிருந்தால் அம்பத்தூர் மூன்றாவது மெயின் ரோடு என்றே சத்தியம் செய்திருப்பேன். மாடியில் துணி காயும். கீழே பட்டறை, மேலே குடும்பம்.

இந்தக் கலப்பு நம் எஸ்டேட்டுகளுக்கு அந்நியம். கிண்டி எஸ்டேட் 1958, அம்பத்தூர் எஸ்டேட் 1964. தொழில் ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம் என்று அரசு கோடு போட்டுக் கொடுத்த இடங்கள். ஆயிரம் ஏக்கருக்கு மேல் மனை, அகலமான சாலை, ஷெட். ஓட்டாவுக்கு யாரும் அப்படிக் கோடு போடவில்லை. 1923 பூகம்பத்துக்குப் பிறகு தொழிற்சாலைகள் இங்கே பெருகின. போர்த் தளவாடம் செய்தன. 1945 ஏப்ரலில் அமெரிக்கக் குண்டுவீச்சில் ஒரே இரவில் பெரும்பகுதி சாம்பலானது. பிறகு கொரியப் போர் ஆர்டர்களில் மறுபடி முளைத்தன. வடகிழக்குக் கிராமங்களிலிருந்து பள்ளி முடித்த பையன்களைத் தனி ரயில் வைத்துக் கூட்டமாக அழைத்து வந்து வேலையில் சேர்த்தார்கள். அந்தப் பையன்கள் கற்றுக்கொண்டு, தனித்து வந்து, ஒரு லேத் வாங்கி, மேலே வீடும் கட்டிக்கொண்டார்கள். ஜப்பானிய நிலப் பயன்பாட்டுச் சட்டத்தில் வீடும் சிறு தொழிலும் அருகருகே இருக்கலாம் என்று ஒரு மண்டலமே உண்டு. 1959இல் டோக்கியோவுக்குள் பெரிய ஆலைகளுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். அது 2002 வரை இருந்தது. பெரியவர்கள் வெளியேறினார்கள், சின்னவர்கள் தங்கிவிட்டார்கள்.

ஆகவே கமாட்டாத் தொழிலாளி நடந்தோ சைக்கிளிலோ வேலைக்கு வருகிறார். அம்பத்தூர்த் தொழிலாளி பட்டாபிராமிலோ திருவள்ளூரிலோ குடியிருந்து, மின்சார ரயிலின் வாசலில் தொங்கி, பட்டரவாக்கத்திலோ அம்பத்தூரிலோ இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் ஏழாவது ஆளாக உட்கார்ந்து வருகிறார். ஷிஃப்டுக்கு ஐந்து நிமிடம் தாமதம் என்றால் அதை ஒழுக்கக் குறைவு என்று எழுதுவதற்கு எனக்கு மனம் வராது. நேரந்தவறாமை என்ற குணத்தில் பாதி, வீட்டுக்கும் வேலைக்கும் நடுவே உள்ள தூரம்.

பட்டறைக்குள் போனபோது வித்தியாசம் குறைந்துகொண்டே வந்தது. நண்பனுக்குப் பழக்கமான முதலாளி ஒருவர், எழுபது தாண்டியவர். அவரும் மனைவியும், வாரத்தில் சில நாள் வரும் ஒரு வயதானவரும்தான் மொத்த கம்பெனி. ஓட்டாவில் பெரும்பாலான பட்டறைகளில் பத்துப் பேர்கூடக் கிடையாது. ஒருவர் டர்னிங் மட்டும், ஒருவர் கிரைண்டிங் மட்டும், ஒருவர் பிளேட்டிங் மட்டும். வந்த வேலையில் தனக்குத் தெரியாத பகுதியைப் பக்கத்துத் தெருக்காரரிடம் தள்ளிவிடுவார். முடிந்ததும் அவர் அடுத்தவரிடம் தள்ளுவார். சைக்கிள் கூடையில் பீஸ் போகும். வரைபடத்தைக் காகித விமானமாக மடித்து ஓட்டாவின் மொட்டைமாடியிலிருந்து விட்டால், அது பொருளாகித் திரும்பி வரும் என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. நண்பன் இதை மொழிபெயர்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அம்பத்தூரில் சைக்கிளுக்குப் பதில் டிவிஎஸ் எக்ஸ்எல், கொஞ்சம் பெரிய லோடு என்றால் குட்டியானை, கூட ஒரு டெலிவரி சலான். 'அண்ணே, பத்து பீஸ் கீவே மட்டும் போட்டுக் கொடுங்க, சாயங்காலம் ஹீட் ட்ரீட்மென்டுக்கு அனுப்பணும்' என்று ஒரு போன். ஜாப் ஒர்க் என்று நாம் சாதாரணமாகச் சொல்வதைத்தான் அவர்கள் நகரின் பெருமையாக வைத்து மதிக்கிறார்கள், பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டுகிறார்கள். அம்பத்தூர்ப் பள்ளி எதுவும் எஸ்டேட்டுக்குச் சுற்றுலா போனதாக நான் கேள்விப்பட்டதில்லை, வண்டலூருக்குத்தான் போவார்கள்.

வேலையின் தரத்திலும் வித்தியாசம் உண்டு, மறுக்க முடியாது. அந்தப் பெரியவர் காட்டிய ஒரு பித்தளை உருளையின் பளபளப்பு கண்ணிலேயே நிற்கிறது. ஆனால் அவர் செய்தது மொத்தமே நான்கு உருளைகள், ஏதோ ஓர் ஆய்வுக்கூடத்துக்கு. 1985க்குப் பிறகு யென் மதிப்பு ஏறியதும் ஆயிரக்கணக்கில் செய்கிற வேலைகளெல்லாம் மலிவான மாகாணங்களுக்கும் பிறகு சீனாவுக்கும் போய்விட்டன. ஓட்டாவில் தங்கியது மாதிரிப் பொருள், ஒன்றிரண்டு மட்டும் வேண்டியது, கடினமானது. அம்பத்தூர் வளர்ந்த கதை வேறு. டி.ஐ. சைக்கிள்ஸ், டன்லப், பாடியில் டிவிஎஸ் குழும ஆலைகள், ஆவடியில் டாங்கி ஆலை, பிறகு 1990களின் கடைசியில் ஹூண்டாயும் ஃபோர்டும். இவர்களுக்கு வேண்டியது எண்ணிக்கை. பீஸுக்கு இத்தனை பைசா என்று பேரம். நான்கு செய்கிறவருக்கும் நாற்பதாயிரம் செய்கிறவருக்கும் ஒரே குணத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை. நாற்பதாயிரத்தில் அம்பத்தூர் சோடை போனதும் இல்லை.

இதற்குச் சாட்சி பாடியில் இருக்கிறது. தரக் கட்டுப்பாட்டுக்கான ஜப்பானின் டெமிங் பரிசு 1951 முதல் தரப்படுகிறது. இந்தியாவில் அதை முதலில் வாங்கியது பாடியின் சுந்தரம் கிளேட்டன், 1998இல். 2003இல் ரானே பிரேக் லைனிங்ஸ், 2004இல் லூகாஸ் டிவிஎஸ். ஒரு மின்சார ரயில் நிலையத்திலிருந்து அடுத்ததுக்குப் போகும் தூரத்துக்குள் இத்தனை டெமிங் பரிசுகள். யோஷிகாசு சுதா போன்ற ஜப்பானியப் பேராசிரியர்கள் இந்த ஆலைகளுக்கு வந்து, தளத்தில் நின்று, கேள்வி கேட்டுக் கேட்டுப் பழக்கினார்கள். அதனால்தான் அம்பத்தூரில் பத்தாவது படித்த பையனுக்கும் ஜப்பானியத் தரமுறைகள் பாடம்: ஃபைவ் எஸ் தெரியும், கைசன் தெரியும், போக்கா யோக்கே தெரியும். கமாட்டாவில் அந்தப் பெரியவரின் பட்டறைச் சுவரில் இது எதுவும் எழுதியிருக்கவில்லை. கருவிகள் எல்லாம் கைக்கு எட்டும் இடத்தில் கலைந்துதான் கிடந்தன. ஆணியில் ஒரு பழைய காலண்டர். ஐ.எஸ்.ஓ. தணிக்கை வந்தால் அம்பத்தூர் ஷெட் தேறும், இது தேறாது. ஜப்பானிய ஒழுங்கு என்று நாம் படித்தது பெரிய ஆலையின் ஒழுங்கு. சின்னப் பட்டறை எங்கும் சின்னப் பட்டறைதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பரிசுக்குப் பெயர் தந்த டெமிங் ஜப்பானியருக்குப் புள்ளியியல் தரக் கட்டுப்பாடு பற்றிப் பேசியது 1950இல். அவருக்கே வழிகாட்டியான வால்டர் ஷூஹார்ட், புள்ளியியலாளர் மகலனோபிஸ் அழைப்பில் 1947-48இலேயே இந்தியா வந்து பல இடங்களில் பேசிவிட்டுப் போனார். அறிவு நமக்குத் தாமதமாக வரவில்லை. போட்டி இல்லாத சந்தை, உரிமம் பெற்றவர் செய்வதை வரிசையில் நின்று வாங்கிய காலம். அப்போது அந்த அறிவுக்கு வேலை இல்லை. 1991இல் சந்தை திறந்த பிறகு வேலை வந்தது. ஏழே வருடத்தில் பாடி பரிசு வாங்கியது.

பணப் பட்டுவாடாதான் நான் ஏமாந்த இடம் என்று சொல்லலாம், ஆனால் ஏமாற்றியது ஜப்பான் அல்ல, ஜப்பானைப் பற்றி நாம் வைத்திருக்கும் படம். வேலை கொடுத்த பெரிய கம்பெனி சின்னப் பட்டறைக்கு எப்போது பணம் தரும்? அம்பத்தூரில் இதைக் கேட்டால் ஒரு பெருமூச்சு வரும், பிறகு தேநீர் வரும், பிறகு ஒரு மணி நேரக் கதை வரும். நம் 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டப்படி 45 நாளுக்குள் தரவேண்டும். தவறினால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2024 ஏப்ரலிலிருந்து, காலக்கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுத்து முடிக்கும்வரை வருமான வரியில் செலவாகக் காட்டவும் முடியாது. ஜப்பானின் சட்டம் 1956இலிருந்து இருக்கிறது. அதில் கெடு 60 நாள். தாளில் நம் சட்டம்தான் கடுமை. நடப்பில் இங்கே தொண்ணூறும் நூற்றிருபதும் சாதாரணம். புகார் செய்யக் கவுன்சில் உண்டு. போனால் வட்டியோடு பணம் வரலாம், அடுத்த ஆர்டர் வராது.

ஜப்பானில் இது இருக்காது என்று நினைத்திருந்தேன். பெரியவர் சிரித்தார். அறுபதாம் நாள் அவர்களுக்குக் கிடைத்துவந்தது பல நேரம் ஒரு தாள். பின்தேதியிட்ட உறுதிச் சீட்டு. அதைப் பணமாக்க இன்னும் 120 நாள் வரை பொறுத்த காலம் உண்டு. அவசரம் என்றால் வங்கியில் தள்ளுபடிக்கு மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. நம்மூர் பில் டிஸ்கவுன்டிங்தான், வேறொன்றுமில்லை. சிறு ஒப்பந்தக்காரருக்கு இப்படிச் சீட்டுக் கொடுப்பதை 2026 ஜனவரியிலிருந்துதான் சட்டம் தடுக்கிறது. 'பெரிய மீன், சின்ன மீன்' என்று நண்பன் தமிழில் சொல்ல, பெரியவருக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை, கையசைவிலேயே புரிந்துகொண்டார்.

சத்தத்தைப் பற்றி ஒரு கிளைக்கதை. கமாட்டாவில் 1920 முதல் ஷோசிக்குவின் சினிமா ஸ்டுடியோ இருந்தது. மௌனப் படக் காலம் வரை ஒன்றும் பிரச்சினையில்லை. பேசும் படம் வந்ததும் சுற்றியிருந்த ஆலைகளின் இரைச்சல் ஒலிப்பதிவில் புகுந்தது. 1936இல் ஸ்டுடியோ ஓஃபுனாவுக்கு மூட்டை கட்டியது. இன்றும் கமாட்டா ரயில் நிலையத்தில் வண்டி கிளம்பும்போது ஒலிப்பது அந்த ஸ்டுடியோவை நினைவூட்டும் பாட்டின் மெட்டு. அன்று தொழில் கலையைத் துரத்தியது. இன்று வீடு தொழிலைத் துரத்துகிறது. ஒரு பட்டறை மூடினால் அந்த மனையில் அபார்ட்மென்ட் எழும்புகிறது. குடிவந்தவர் பக்கத்துப் பட்டறையின் சத்தத்தைப் பற்றிப் புகார் எழுதுகிறார். 1983இல் ஓட்டாவில் 9,000க்கு மேல் இருந்த பட்டறைகள் இன்று அதில் பாதிகூட இல்லை. வார்டு நிர்வாகமே அடுக்குமாடித் தொழிற்கூடங்கள் கட்டி, சுவரை ஒலி தாங்கும்படி அமைத்து, வாடகைக்கு விடுகிறது.

அம்பத்தூரிலும் மனைதான் எதிரி, வேறு வழியில். ஷெட் ஓட்டிச் சம்பாதிப்பதைவிட ஷெட்டை இடித்து ஐ.டி. பார்க் கட்டினால் வாடகை பல மடங்கு. அடுத்த தலைமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டது. 2011இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சிக்குள் வந்த பிறகு நில மதிப்பு இன்னும் ஏறியது. இதற்கு மேல் தண்ணீர். ஒரு பக்கம் கொரட்டூர் ஏரி, ஒரு பக்கம் அம்பத்தூர் ஏரி, நடுவில் எஸ்டேட். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் தண்ணீர் ஷெட்டுகளுக்குள் புகுந்து, மோட்டாரும் மின்பலகையும் மூழ்கின. சின்ன யூனிட்டுகள் எழுந்து நிற்க மாதங்கள் ஆயின. ஓட்டாவும் தப்பியதில்லை; 2019 அக்டோபரில் ஹகிபிஸ் புயலில் தாமா ஆற்று வெள்ளம் மேற்கே டெனென்சோஃபு பக்கத்துத் தாழ்வான தெருக்களில் ஏறியது. பணக்காரர் பக்கத்தில் ஏறியதால் செய்தி பெரிதாக வந்தது என்று நண்பன் குறும்பாகச் சொன்னான். எனக்குச் சரிபார்க்க வழியில்லை, ஆனால் ரசித்தேன்.

சாயங்காலம் பொதுக் குளியலுக்குப் போனோம். கமாட்டாவின் நிலத்தடி ஊற்றுநீர் கருப்பு. மக்கிய தாவரம் கலந்து டிகாக்‌ஷன் நிறத்தில் வரும். பட்டறைக்காரர்கள் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவிவிட்டு, கழுத்தளவு கருப்புத் தண்ணீரில் கண்மூடி உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாத் தலையும் நரைத்த தலை. அம்பத்தூரில் ஷிஃப்ட் முடியும் நேரத்தில் டீக்கடை வாசலில் நின்று பார்த்தால் ஒரு நரைத்த தலையைத் தேடவேண்டும். பீகாரும் ஒடிசாவும் அஸ்ஸாமும் தருமபுரியும் திருவண்ணாமலையும் இருபத்தைந்து வயதில் நிற்கின்றன. முதல் பார்வைக்கு இரண்டு ஊருக்கும் நடுவே உள்ள பெரிய வித்தியாசம் தூய்மை என்று தோன்றும். எனக்கு இப்போது வயது என்று தோன்றுகிறது. ஓட்டாவில் பட்டறைகள் பெரும்பாலும் நஷ்டத்தால் மட்டும் மூடவில்லை. நடத்த ஆள் இல்லாமல் மூடுகின்றன. மகன் வங்கியில் வேலை பார்க்கிறான், மருமகளுக்கு ஆயில் வாசனை ஆகாது. நாற்பது வருடக் கை அனுபவத்தோடு லேத் பழைய இரும்புக்குப் போகிறது.

பெரியவர் கிளம்பும்போது கேட்டார்: உங்கள் ஊரில் பையன்கள் இருக்கிறார்கள் அல்லவா, வருவார்களா? வழி இருக்கிறது. 2019 ஏப்ரலில் ஜப்பான் 'குறிப்பிட்ட திறன்' விசா தொடங்கியது. 2021 ஜனவரியில் இந்தியாவுடன் ஒப்பந்தம் போட்டது. உற்பத்தித் தொழிலும் அதில் உண்டு. தொழில் தேர்வும் அடிப்படை ஜப்பானிய மொழித் தேர்வும் தேறவேண்டும். முதல் நிலையில் ஐந்து வருடம் வரை இருக்கலாம், குடும்பத்தைக் கூட்டிவர முடியாது. கடைசி விதியைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்தேன். அவரும் பதினைந்து வயதில் தனியாக ரயிலேறி வந்தவர்தான்.

ஊருக்கு வந்ததும் எஸ்டேட்டில் எனக்குத் தெரிந்த ஒரு யூனிட்காரரிடம் இதைச் சொன்னேன். அவரிடம் பதினான்கு பேர், நான்கு சி.என்.சி. கேட்டுவிட்டு கொஞ்ச நேரம் யோசித்தார். 'நல்லதுதான் சார். ஆனா நம்ம பையன் அங்க போயிட்டா இங்க மெஷினுக்கு யாரு? நானே பாட்னாவுக்கு ஆள் அனுப்பியிருக்கேன், இன்னும் வரல' என்றார். அதற்குள் அவருடைய போன் அடித்தது. பாடியிலிருந்து பர்ச்சேஸ்காரர், முந்தைய மாத லோடைக் கேட்டு.